மறுமணமும் மறுகாதலும்: இரண்டாம் வாய்ப்பின் அறம் குறித்த ஒரு சிந்தனை

முன்னுரை

தமிழகத்திற்கு வெளியே தமிழ் பயிற்றும் வகுப்பறைகளில், பாடத்தைக் காட்டிலும் பாடத்தின் விளிம்பிலிருந்து எழும் வினாக்களே ஆசிரியரை நெடுநாள் தொடர்கின்றன. ஜெயகாந்தனின் 'யுகசந்தி' என்னும் சிறுகதையை நடத்திக்கொண்டிருந்தபோது முதுகலை மாணவி ஒருவர் அத்தகைய வினா ஒன்றை எழுப்பினார். கைம்பெண்ணாகிய பேத்தி மறுமணம் செய்துகொள்ளத் துணிகிறாள். கைம்பெண்ணாகிய பாட்டி அவளுக்குத் துணைநிற்கிறாள். பேத்திக்குக் கிடைத்த வாய்ப்பு பாட்டிக்கு ஏன் கிடைக்கவில்லை? அவளிடம் யாரேனும் அதைக் கேட்டதுண்டா? வகுப்பில் சிலர் சிரித்தனர். எழுபது வயது மூதாட்டிக்கு மறுமணமா என்பதே அச்சிரிப்பின் பொருள்.

வகுப்பு முடிந்தபின் அம்மாணவி தனியே வந்து, தாம் கேட்டது அந்தப் பாட்டியைப் பற்றி மட்டுமன்று என்றார். கணவரை இழந்த அவருடைய தாய்க்கு ஐம்பது வயது. தாயின் மனத்தில் இன்னொருவர்க்கு இடம் உண்டாகியிருக்கிறது. அதற்கு இசைவு தர வேண்டிய இடத்தில் தாம் நிற்பதாகவும், கதையில் பேத்தியின் பக்கம் நிற்கும் தமக்கு வீட்டில் தாயின் பக்கம் நிற்க மனம் வரவில்லை என்றும் அவர் கூறினார். (அவருடைய ஒப்புதலுடனேயே இங்கு இதனைக் குறிப்பிடுகின்றேன்.) அன்று அவருக்கு விடை கூற என்னால் இயலவில்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடும் முயற்சியாகும். இரண்டாம் முறை அன்பு கொள்வது முதல் அன்பிற்கு இழைக்கும் தவறா என்பதும், அவ்வன்பிற்கு இசைவளிக்கும் உரிமை பிறர்க்கு உண்டா என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

இலக்கணம் கண்ட நிலைகள்

தொல்காப்பியம் புறத்திணையியலில் காஞ்சித்திணையின் துறைகளைக் கூறுமிடத்து இரண்டு நிலைகளை அடுத்தடுத்து வைக்கின்றது. காதலியை இழந்த ஆடவனின் நிலை தபுதார நிலை. காதலனை இழந்த பெண்ணின் நிலை தாபத நிலை. நிலையாமையைப் பொருளாகக் கொண்ட திணையில் இழப்பு இருபாலார்க்கும் பொதுவானதாக வைக்கப்பட்டுள்ளமை நோக்கத்தக்கது. ஆனால் வாழ்வியலில் இவ்விரண்டும் ஒத்த நிலைகளாக நீடிக்கவில்லை. தபுதார நிலை அடுத்த முகூர்த்த நாள் வரையில் நீடிக்கும் தற்காலிக நிலையாயிற்று. தாபத நிலையோ பெயருக்கேற்பத் தவக்கோலமாகி, பெண்ணின் எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் கைப்பற்றிக்கொண்டது.

இன்னொரு குறிப்பும் இங்குச் சுட்டத்தக்கது. அகத்திணையியலில் பெருந்திணைக்குரிய நான்கனுள் ஒன்றாக 'இளமை தீர் திறம்' கூறப்படுகின்றது. இதனை விளக்கும் இளம்பூரணர், தலைவன் முதியவனாதல், தலைவி முதியவளாதல், இருவருமே இளமை கடந்தும் அறத்தில் செல்லாது காமத்தில் மனம் செலுத்துதல் என மூவகைப்படுத்துகிறார். இம்மூன்றாவது வகையே நம் வினாவிற்கு நேரானது. ஒத்த வயதினராய், ஒத்த விருப்பினராய் இருப்பினும், இளமை கடந்த காரணத்தாலேயே அவர்தம் அன்பு அன்பின் ஐந்திணையிலிருந்து விலக்கப்படுகின்றது. முதுமைக்கு உரியதாகக் கற்பியல் காட்டுவது, மக்களும் சுற்றமும் சூழத் தலைவனும் தலைவியும் சிறந்ததைப் பயிலும் வாழ்க்கையே. அவ்விருவருள் ஒருவர் இல்லாதபோது எஞ்சியவர் யாருடன் அதனைப் பயில்வது என்பதற்கு அவ்விதியில் இடமில்லை. வகுப்பறையில் எழுந்த சிரிப்பு நேற்றுப் பிறந்ததன்று என்பது இதனால் பெறப்படும்.

சட்டம் தந்ததும் பெற்றதும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் சீர்திருத்த இயக்கங்கள் கைம்பெண் மறுமணத்தை அறத்தின் பெயரால் வற்புறுத்தின. ஈசுவரசந்திர வித்யாசாகர் பராசர சுமிருதியைச் சான்றாகக் கொண்டு 1855இல் எழுதினார். 1856இல் இந்துக் கைம்பெண் மறுமணச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் கல்கத்தாவில் அச்சட்டத்தின்வழி முதல் திருமணம் நிகழ்ந்தது. ஆந்திரப் பகுதியில் கந்துகூரி வீரேசலிங்கம் 1881இல் இராஜமகேந்திரவரத்தில் இத்தகைய திருமணத்தை நடத்திவைத்தார். இவர்களின் துணிவும் இவர்கள் ஏற்ற துன்பமும் போற்றுதற்குரியன.

எனினும் இவ்வியக்கங்களின் வாதம் எதன்மீது கட்டப்பட்டது என்பதையும் காணவேண்டும். மறுமணத்திற்குரியவளாக அவை பெரிதும் முன்னிறுத்தியது, கணவன் முகத்தையே அறியாத சிறுமியை. அவள் வாழத் தொடங்குமுன்னரே வாழ்வை இழந்தவள், ஆதலின் இரக்கத்திற்குரியவள். இவ்வாதம் வலிமையுடையது, ஆயினும் அதன் உட்கிடையாக ஒரு கருத்து உண்டு. முதல் திருமணம் உண்மையில் திருமணமே அன்று என்பதால்தான் இரண்டாவது ஏற்கப்படுகின்றது. அதாவது, இரண்டாம் வாய்ப்பு என்ற பெயரில் அளிக்கப்பட்டது தாமதமாக வந்த முதல் வாய்ப்பே எனலாம். கணவனுடன் வாழ்ந்து, அவனை நேசித்து, இழந்து, பின் மீண்டும் நேசிக்கும் பெண்ணுக்கு இரக்கத்தின் மொழியில் இடமில்லை.

வியப்பிற்குரிய செய்தி என்னவெனில், 1856ஆம் ஆண்டுச் சட்டம் அவளை மறந்துவிடவில்லை. அதன் ஏழாம் பிரிவு, கணவனோடு கூடி வாழாத, வயது நிரம்பாத கைம்பெண்ணின் மறுமணத்திற்குத் தந்தை முதலிய உறவினரின் இசைவு வேண்டும் என்கிறது. வயது நிரம்பியவளுக்கும், முன்னரே கணவனோடு வாழ்ந்தவளுக்கும் அவளுடைய சொந்த இசைவே போதுமானது என்கிறது. ஆனால் அச்சட்டத்தின் இரண்டாம் பிரிவு இதற்கு விலை வைத்தது. மறுமணம் செய்தவுடன், இறந்த கணவனின் சொத்தில் கைம்பெண் என்ற முறையில் அவளுக்கிருந்த உரிமைகள், அவளே இறந்துவிட்டாற்போல முடிவுக்கு வரும் என்பது அப்பிரிவின் கருத்து. ஒரு பிரிவு அவளை முழு மனிதராக ஏற்கின்றது; மற்றொரு பிரிவு அவளை இறந்தவராகக் கணக்கிடுகின்றது.

பிற்காலத்தில் இந்நிலை மாறியது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணுக்குச் சொத்தில் முழு உரிமை வழங்கியது. மறுமணம் செய்துகொண்ட சில கைம்பெண்களை வாரிசுரிமையிலிருந்து விலக்கிய அதன் 24ஆம் பிரிவு 2005இல் நீக்கப்பட்டது. 1856ஆம் ஆண்டுச் சட்டமும் 1983இல் திரும்பப் பெறப்பட்டது. எனினும் விலை முற்றும் மறையவில்லை. மைய அரசு ஊழியரின் கைம்பெண் மறுமணம் செய்துகொண்டால் குடும்ப ஓய்வூதியம் நின்றுபோவது இன்றும் பொது விதியாகும். குழந்தையற்றவர்க்கு வருமான வரம்பிற்குட்பட்ட விலக்கு உண்டு. ஐம்பது வயதுப் பெண் ஒருவர் தம் மனத்தைக் கேட்பதற்கு முன் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க வேண்டியுள்ளது.

மணமும் விருப்பமும்

மறுமணத்தை மறுத்த குடிகளைப் போலவே அதனை வழக்கமாகக் கொண்ட குடிகளும் இந்நாட்டில் பல உண்டு. தமிழகத்தில் அது 'அறுத்துக்கட்டுதல்' எனப்பட்டது. மேற்குலத்தார் வாயில் இச்சொல் இழிவுக் குறிப்பாகவும் ஒலித்தது. பஞ்சாபில் கணவனின் உடன்பிறந்தானே கைம்பெண்ணுக்குப் போர்வை போர்த்தி ஏற்கும் 'கரேவா' வழக்கம் இருந்தது. இவ்வழக்கங்களைக் கண்டு, அங்கெல்லாம் பெண்ணுக்கு விடுதலை இருந்தது என உடனே முடிவு செய்தல் பொருந்தாது.

உருது எழுத்தாளர் ராஜிந்தர் சிங் பேடியின் 'ஏக் சாதர் மைலீ சீ' (1962) என்னும் குறுநாவல் இதற்குத் தக்க சான்றாகும். சாகித்திய அகாதெமி விருது பெற்ற இப்படைப்பில், குதிரைவண்டி ஓட்டும் கணவன் கொலையுண்டபின் ராணோ என்னும் பெண், கணவனின் தம்பி மங்களுக்கு மணமுடிக்கப்படுகிறாள். அவனைச் சிறுவயதிலிருந்து மகனைப்போல் வளர்த்தவள் அவள். ஊர் கூடி முடிவெடுக்கின்றது, போர்வை போர்த்தப்படுகின்றது. அவளுக்கு உணவும் கூரையும் உறுதியாகின்றன. அவள் விருப்பம் மட்டும் எங்கும் கேட்கப்படவில்லை. ஓரிடத்தில் மறுமணம் மறுக்கப்படுகின்றது, ஓரிடத்தில் திணிக்கப்படுகின்றது. ஈரிடத்தும் பெண்ணின் மனம் பொருளாகக் கொள்ளப்படவில்லை. எனவே மறுமணம் என்னும் நிறுவனமும் மறுகாதல் என்னும் மனநிகழ்வும் வேறுவேறானவை என்னும் தெளிவு இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது.

இரண்டும் கூடிய அரிய நிகழ்வுகளும் உண்டு. மனைவியை இழந்த தோண்டோ கேசவ் கார்வே, இளங்கன்னி ஒருத்தியை மணக்க மறுத்து, பண்டித ரமாபாயின் சாரதா சதனத்தில் பயின்ற கோதுபாய் என்னும் கைம்பெண்ணை 1893இல் மணந்தார். சிறுவயதிலேயே கைம்மை எய்திய கோதுபாய், மணத்தின்போது தம் முடிவைத் தாமே எடுக்கத்தக்க வயதினர். ஊரார் விலக்கிவைத்தனர். ஆனந்திபாய் எனப் பெயர் பெற்ற அவர் பிற்காலத்தில் தம் வரலாற்றைத் தாமே மராத்தியில் எழுதினார். தொல்காப்பியம் அடுத்தடுத்து வைத்த தபுதார நிலையும் தாபத நிலையும் ஒன்றையொன்று கண்டு கைகோத்த நிகழ்வாக இதனைக் கருதலாம்.

மூன்று தடைகள்

இளமை கடந்த பெண்ணின் இரண்டாம் காதலுக்கு எதிராகக் கூறப்படுபவற்றை மூன்றாகத் தொகுக்கலாம்.

முதலாவது, அது இறந்தவர்க்கு இழைக்கும் துரோகம் என்பது. இறந்தவர்க்குத் தீங்கிழைக்க இயலாது என்று கூறி இதனைத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின் அது உண்மையன்று. இறந்தவரைப் பழித்தலும், அவர் இருந்ததையே மறைத்தலும் தீங்குகளே. ஆனால் மீண்டும் அன்பு கொள்வதற்கு அவரை மறந்தாக வேண்டும் என்பதில்லை. தலைச்சன் பிள்ளையை இழந்த தாய் அடுத்த குழந்தையைக் கொஞ்சும்போது முதற்குழந்தையை மறந்தாள் என நாம் கூறுவதில்லை. முதல் அன்பு கற்பித்த நேசத்தைத்தான் ஒருத்தி இரண்டாம் அன்பிற்கும் கொண்டுசெல்கிறாள். மனைவியை இழந்த ஆடவன் மீண்டும் மணந்தபோது அது துரோகம் எனப் பேசப்பட்டதில்லை என்பதே, இத்தடை அறத்திலிருந்து எழுந்ததன்று என்பதைக் காட்டும். கற்பு என ஒன்று உண்டாயின் அது இருபாலார்க்கும் பொதுவாதல் வேண்டும் எனப் பாரதியாரும் பெரியாரும் வெவ்வேறு நிலைகளில் நின்று வலியுறுத்தியது இங்கு நினைவுகூரத்தக்கது.

இரண்டாவது, பிள்ளைகளின் நலன். இதனை அவ்வாறே தள்ளிவிட முடியாது. தாயை நம்பியிருக்கும் சிறு குழந்தையின் உரிமை உண்மையான உரிமை. புதிதாக வீட்டிற்குள் வருபவர் எத்தகையவர் என அஞ்சுதல் நியாயமானதே. ஆனால் பிள்ளைகள் வளர்ந்து தத்தம் வாழ்க்கையை அமைத்துக்கொண்டபின், அவ்வுரிமையின் பொருள் மாறுகின்றது. அப்போது அஞ்சப்படுவது பெரும்பாலும் சொத்துப் பங்கீடும் ஊரார் பேச்சுமே. தாயின் பராமரிப்பைப் பெறப் பிள்ளைக்கு உரிமை உண்டு; தாயின் தனிமையைக் காத்துவைக்கும் உரிமை இல்லை.

மூன்றாவது, முதுமை அறத்திற்கும் துறவிற்கும் உரியது என்பது. துறவு உயர்ந்ததாகலாம், அது தானே விரும்பி ஏற்கும்போது மட்டுமே துறவாகும். பிறர் சுமத்திய துறவு இழப்பின் வேறொரு பெயரே. இந்தி எழுத்தாளர் கிருஷ்ணா சோப்தி தம் எழுபதாம் வயதில் டோக்ரி எழுத்தாளர் சிவநாத்தை மணந்தார். முதுமையில் இருவர் கொள்ளும் தோழமையையே அவருடைய 'சமய் சர்கம்' (2000) நாவலும் பேசுகின்றது. இளமை தீர்ந்தபின் தோன்றும் அன்பிலும் அறம் உண்டு. மருந்தை நேரத்திற்கு எடுத்துத் தருவதும், இரவில் எழும் இருமலைக் கேட்க ஒருவர் இருப்பதும் அவ்வறத்தின் எளிய வடிவங்கள்.

பாட்டியும் பேத்தியும், தாயும் மகளும்

இத்தெளிவுடன் 'யுகசந்தி'க்கு மீள்வோம். மணமாகிச் சில மாதங்களிலேயே கணவனை இழந்த கீதா நெய்வேலியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறாள். உடன் பணிபுரியும் ஒருவரை மணக்கப்போவதாகத் தந்தைக்குக் கடிதம் எழுதுகிறாள். தலைமழித்து வெள்ளை உடுத்திய கௌரிப் பாட்டியே அக்கடிதத்தைக் கொண்டுவருகிறாள். தந்தை மகளைத் தலைமுழுக முனைகிறார். பாட்டி பேத்தியிடம் புறப்பட்டுவிடுகிறாள்.

பாட்டி பேத்தியின் வாழ்வில் தன் இரண்டாம் வாய்ப்பைக் கண்டாள் என்பது இக்கதைக்கு வழக்கமாகக் கூறப்படும் விளக்கம். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே கற்பித்தேன். இன்று அவ்விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. மூத்த பெண் கொடுப்பவளாக இருக்கும்வரையில் நாம் அவளைப் போற்றுகிறோம். அவளும் வேண்டுபவளாக இருந்திருக்கலாம் என்பதை எண்ண மறுக்கிறோம். மாணவியின் வினா நம் வாசிப்பின் இக்குறையைத்தான் தொட்டது.

அக்குறையை நிரப்புவதாக அமைந்தது கீதாஞ்சலி ஸ்ரீயின் 'ரேத் சமாதி' (2018) என்னும் இந்தி நாவல். டெய்சி ராக்வெல்லின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக 2022இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்ற நூல் இது. கணவன் இறந்தபின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்ட எண்பது வயது மூதாட்டி ஒருநாள் எழுகிறாள். மகன் வீட்டிலிருந்து மகளிடம் வருகிறாள். பின்னர், பிரிவினையில் தான் இழந்த அன்வரைக் காண எல்லை கடந்து பாகிஸ்தான் செல்கிறாள். அவனே அவளுடைய முதற்கணவன். நெடிய இல்லறமாக நாம் அறிந்திருந்தது இரண்டாவது என்றும், இறுதியில் தேடிச்செல்வது முதலாவது என்றும் தெரியவரும்போது, முதல், இரண்டு என்னும் நம் எண்ணிக்கையே பொருளிழக்கின்றது.

இந்நாவலில் மகளின் நிலை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. குடும்பத்தின் கட்டுகளை மீறித் தன் விருப்பப்படி வாழ்பவள் அவள். ஆயினும் தாய் தன்னிடம் வந்து தளிர்க்கத் தொடங்கியதும் தடுமாறுவதும் அவளே. தாய் மகளாகிறாள், மகள் தாயாகிறாள். தனக்கு விடுதலை வேண்டிய தலைமுறை, தன் தாய்க்கு அது வேண்டும்போது காவலாக மாறுவதை இந்நாவல் கருணையோடு காட்டுகின்றது. முன்பு பேத்தியின் காதலுக்கு மூத்தோரின் இசைவு தேவைப்பட்டது. இன்று மூத்தோரின் காதலுக்குப் பிள்ளைகளின் இசைவு தேவைப்படுகின்றது. இடம் மாறியுள்ளது, பூட்டு மாறவில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், இரண்டாம் அன்பு முதல் அன்பிற்கு மாறானதன்று என்பதும், மறுமணத்தை ஏற்பதால் மட்டும் பெண்ணின் விருப்பத்தை ஏற்றதாகாது என்பதும், இரக்கத்தின் பெயரால் இளையவளுக்குத் தந்ததை உரிமையின் பெயரால் மூத்தவளுக்கும் தரும் கடமை நமக்குண்டு என்பதும் பெறப்படுகின்றன.

அம்மாணவிக்குரிய விடையும் 'யுகசந்தி'யிலேயே இருக்கின்றது என இப்போது தோன்றுகிறது. கீதா தன் கடிதத்தில் தந்தையின் இசைவைக் கேட்கவில்லை. தன் முடிவை அறிவிக்கிறாள். தந்தை அதனை விண்ணப்பமாகப் படித்து மறுத்தார். பாட்டி ஒருத்தியே அதனைச் செய்தியாகப் படித்தாள். அவள் இசைவளிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. பையை எடுத்துக்கொண்டு உடன்சென்றாள். 'ரேத் சமாதி'யின் மகளும், தன் தடுமாற்றத்தோடேயே தாயுடன் எல்லை கடக்கிறாள்.

ஆகவே அம்மாணவி தம் மனத்தில் இசைவு பிறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தயக்கம் இருக்கலாம், தந்தையின் நினைவு வருத்தலாம், அவை அவருக்குரியவை. தாய் அவரிடம் கேட்டது அனுமதியன்று. வயது நிரம்பி வாழ்ந்த பெண்ணுக்கு அவளுடைய இசைவே போதும் என்பதை 1856ஆம் ஆண்டுச் சட்டமே ஒப்புக்கொண்டது. தாய் கேட்டது துணை. பதிவு அலுவலகத்தின் படியேறும் நாளில், சாட்சிக் கையொப்பமிட மகள் உடன்வருவாளா என்பதே அக்கேள்வி.